குழாய், சில்லு, கயிறு



பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்ண், 1869ஆம் 1870ஆம் ஆண்டுகளில் தமது கடலடிப் பயண நாவலைத் தொடர்கதையாக எழுதினார். அதில் வரும் கப்டன் நேமோவை உங்களில் பலர் மாணவப் பருவத்திலேயே சந்தித்திருப்பீர்கள். அவனுடைய நீர்மூழ்கிக் கப்பலை ஓட்டுவது மின்சாரம். அது எப்படிக் கிடைக்கிறது என்று கப்பலில் அகப்பட்ட பேராசிரியர் கேட்கிறார். நேமோ சொல்லும் வழிகளில் ஒன்று இது: கடலின் வெவ்வேறு ஆழங்களில் இரண்டு கம்பிகளை இறக்கி, அவ்விடங்களின் வெப்பநிலை வேறுபாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துவிடலாம். இதைச் சொல்லிவிட்டு, தன்னிடம் இதைவிட வசதியான வழி இருக்கிறதென்று அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறான்.

கதாசிரியர் ஒரே வசனத்தில் தாண்டிப்போன அதே வெப்பநிலை வேறுபாட்டுக்காக, பின்னாளில் ஒரு மனிதர் தமது செல்வத்தையே கடலில் கொட்டினார். அவர் பிறந்ததும் அந்த 1870ஆம் ஆண்டில்தான்.

இன்றைய உரையில் மூன்று விசித்திரமான கருத்துகளின் வரலாற்றைப் பார்ப்போம். ஒன்று மின்சாரத்தைப் பிறப்பிப்பது பற்றியது. இன்னொன்று அதைச் சேமிப்பது பற்றியது. மூன்றாவது விண்வெளிக்குப் போவது பற்றியது. மூன்றும் கேட்டவர்களைச் சிரிக்கவைத்த கருத்துகள். ஆனால் மூன்றிலும் அடிப்படைத் தத்துவத்தில் பிழை கிடையாது. அவற்றை மறித்து நின்றவை மிகச் சாதாரணமான பொருட்கள்: ஒரு குழாய், ஒரு சில்லு, ஒரு கயிறு.

கடலில் இறங்கிய குழாய்

வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. அதே இடத்தில் ஆயிரம் மீற்றர் ஆழத்துக்குப் போனால் நீர் 5 பாகை அளவில் குளிர்ந்திருக்கும். சூடும் குளிரும் அருகருகே இருந்தால் அங்கே ஓர் இயந்திரத்தை ஓட்டலாம் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே நன்கு தெரிந்த விதி. இதைக் கடலுக்குப் பொருத்தி, ஒரு மின்நிலையமாகவே 1881இல் முன்மொழிந்தவர் தார்சொன்வால் என்ற பிரெஞ்சு அறிஞர். அவருடைய மாணவரும் நண்பருமாக விளங்கியவர்தான் ஜோர்ஜ் குளோட்.

குளோட் சாதாரண மனிதரல்ல. காற்றைத் திரவமாக்கும் சிறந்த முறையொன்றைக் கண்டுபிடித்து, அதை வைத்துப் பெரிய தொழில் நிறுவனமொன்று உருவாகக் காரணமானவர். 1910இல் பாரிஸ் மோட்டார்க் கண்காட்சியில் நியோன் விளக்கை ஏற்றிக்காட்டி உலகை வியக்கவைத்தவரும் அவரே. நகரங்களின் இரவுக்கு நிறம் கொடுத்த அந்த விளக்கு அவருக்குப் பெரும் பொருளீட்டித் தந்தது. அந்தப் பொருளோடுதான் அவர் கடலை நோக்கித் திரும்பினார்.

அவருடைய முறை எளிமையானது. நுவரெலியாவில் பருப்பு அவிய நேரம் செல்லும் என்பதை நாம் அறிவோம். உயரம் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் நூறு பாகைக்கு முன்பே கொதித்துவிடுகிறது. அழுத்தத்தை இன்னுமின்னும் குறைத்துக்கொண்டே போனால், வெதுவெதுப்பான கடல்நீரும் அடுப்பில்லாமலே கொதிக்கும். குளோட் மேற்பரப்புக் கடல்நீரை ஏறத்தாழ வெற்றிடமாக்கிய பாத்திரத்தில் விட்டார். நீர் கொதித்து ஆவியாயிற்று. அந்த ஆவி ஒரு சுழலியைச் சுற்றியது. அப்பால் ஆழ்கடலின் குளிர்நீர் அந்த ஆவியை மீண்டும் நீராக்கியது. எரிபொருள் இல்லை, புகை இல்லை, சாம்பலும் இல்லை. பெல்ஜியத்தில் ஒரு தொழிற்சாலையின் வெந்நீரையும் ஆற்றுநீரையும் கொண்டு 1928இல் இதைச் செய்துகாட்டினார்.

அடுத்தது உண்மையான கடல். கியூபாவின் மத்தன்சாஸ் குடாவைத் தெரிந்தெடுத்தார். அங்கே கரையிலிருந்து சற்றுத் தூரத்திலேயே ஆழம் தொடங்குகிறது. ஆனால் அந்த ஆழத்துக் குளிர்நீரைக் கரைக்குக் கொண்டுவர, ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நீளமும், ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய அளவு குறுக்கு அகலமும் கொண்ட இரும்புக் குழாய் வேண்டும். அதை மிதக்கவிட்டு இழுத்துச் சென்று கடலடியில் கிடத்தவேண்டும். முதற்குழாய் கடலோடு போயிற்று. இரண்டாவது குழாயும் போயிற்று. மூன்றாவது குழாய் 1930இல் சரியாக இறங்கியது. சுழலி சுற்றியது, 22 கிலோவாற்று மின்சாரம் பிறந்தது. விளக்குகள் எரிந்தன.

ஆனால் நீரை மேலே இழுக்கும் பம்பிகள் அதைவிடக் கூடுதலான மின்சாரத்தை உண்டன. சில நாட்களில் புயல் வந்து மூன்றாவது குழாயையும் கொண்டுபோய்விட்டது. குளோட் ஓயவில்லை. ஒரு சரக்குக் கப்பலிலேயே நிலையத்தை அமைத்து, 1935இல் பிரேசில் கரைக்கு அப்பால் கொண்டுபோனார். அங்கும் அலைகள் குழாயை அவர் கையிலிருந்து பறித்தன. அவருடைய பிற்கால வரலாறு இருண்டது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளோடு ஒத்துழைத்த குற்றத்துக்காக 1945இல் அவருக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளின் பின் விடுதலையாகி, 1960இல் காலமானார்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மத்தன்சாஸில் தோற்றது தத்துவமல்ல. நீர் கொதித்தது, சுழலி சுற்றியது, விளக்கு எரிந்தது. வளையாத இரும்புக் குழாய்தான் கடலோடு தோற்றது.

1973இல் எண்ணெய் விலை திடீரென ஏறியபோது உலகம் குளோட்டை மீண்டும் நினைத்துக்கொண்டது. 1979இல் ஹவாய்த் தீவுக்கு அருகில் நங்கூரமிட்ட ஒரு மிதவையில் சிறு நிலையமொன்று அமைக்கப்பட்டது. கொதிக்கவைத்தது கடல்நீரையல்ல, அமோனியாவை. குழாய் இரும்பாலானதல்ல, வளைந்து கொடுக்கும் பொலித்தீனாலானது. பம்பிகளுக்குக் கொடுத்ததுபோக, ஒரு சில வீடுகளுக்குப் போதுமான மின்சாரம் மிஞ்சியது. கடலிலே செலவைவிட வரவு கூடியது அதுவே முதல் தடவை. 1981இல் யப்பானியர் பசிபிக்கின் நவுறு தீவில் இதைவிடப் பெரிதாக ஒன்று கட்டி, அங்குள்ள பாடசாலை உட்படச் சில இடங்களுக்கு மின்சாரம் கொடுத்தனர். பின்னர் எண்ணெய் விலை விழுந்தது, ஆர்வமும் விழுந்தது. 2015இல் ஹவாயில் மீண்டும் ஒரு நூறு கிலோவாற்று நிலையம் மின்வலையமைப்போடு இணைக்கப்பட்டது.

இதற்கிடையில் குளோட் எதிர்பாராத வழியால் அவருடைய குழாய் ஊருக்குள் வந்துவிட்டது. கனடாவின் டொரன்டோ நகரில் 2004ஆம் ஆண்டு தொடக்கம் ஏரியின் ஆழத்துக் குளிர்நீரைக் குழாய்வழி எடுத்து, பெரும் கட்டடங்களைக் குளிரூட்டுகிறார்கள். மின்சாரம் பிறப்பிக்கவில்லை, ஆனால் மின்சாரம் மிச்சமாகிறது.

சக்தியைச் சுமந்த சில்லு

இரண்டாவது கதை சுவிற்சர்லாந்தில் நடக்கிறது.

தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் அதன் சில்லு சில சுற்றுச் சுற்றும். குயவர் தமது சில்லைக் கோலால் உந்திவிட்டுக் கையை எடுத்த பின்தான் களிமண்ணில் கைவைக்கிறார். உந்திய சக்தி சில்லுக்குள் இருந்து, பானை வனையும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருகிறது. ஆக, சக்தியைச் சேமிக்கும் கருவிகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று குயவரின் முற்றத்திலேயே இருந்திருக்கிறது.

மின்சாரத்தைச் சேமிப்பது கடினம் என்பது எல்லோரும் அறிந்ததே. அக்காலத்து ஈய மின்கலங்கள் பாரமானவை. மின்னேற்ற நெடுநேரம் எடுப்பவை. ஓர்லிக்கோன் என்ற சுவிஸ் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 1940களில் ஒரு வேலை செய்தார்கள். பஸ் வண்டியின் நடுவே ஒன்றரைத் தொன் நிறையும் 1.6 மீற்றர் விட்டமும் கொண்ட உருக்குச் சில்லொன்றைப் படுக்கவைத்தார்கள். தரிப்பிடத்திலே பஸ் நிற்கும். கூரையிலிருந்து மூன்று கைகள் எழுந்து மின்கம்பத்தைத் தொடும். ஒரு மோட்டார் அந்தச் சில்லை நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்துக்குக் கொண்டுவரும். கைகள் மடங்கும், பஸ் புறப்படும். இப்போது அந்த மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, சில்லின் சுழற்சியை மின்சாரமாக்கிப் பின்சில்லுகளுக்குக் கொடுக்கும். ஒருமுறை ஏற்றினால் ஆறு கிலோமீற்றர் வரை ஓடலாம். இடையில் கம்பி வேண்டியதில்லை. எண்ணெய் வேண்டியதில்லை, இரைச்சலும் புகையும் இல்லை.

இவர்டோன் என்ற சிற்றூரில் 1953ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்த பஸ் சேவை தொடங்கியது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலும், அன்றைய பெல்ஜியக் கொங்கோவின் தலைநகரான லியோபோல்ட்விலிலும் - இன்று அது கின்ஷாசா - அடுத்தடுத்துத் தொடங்கப்பட்டது. கொங்கோவில் பன்னிரண்டு பஸ்கள் ஓடின. 1960ஆம் ஆண்டு முடிவதற்குள் மூன்று இடங்களிலும் சேவை நின்றுவிட்டது.

ஏன் நின்றது? சில்லு பாரமானது, பாரம் தெருவை உடைத்தது. அந்தப் பாரத்தைத் தாங்கி ஓயாமல் சுற்றிய பெயாரிங்குகள் விரைவில் தேய்ந்தன. கொங்கோவின் ஈரக் காற்றும் மோசமான பாதைகளும் அந்தத் தேய்வைக் கூட்டின. கெண்ட் நகரில் கணக்குப் பார்த்தபோது, டிராம் வண்டியைவிட இது கூடுதல் மின்சாரம் உண்பது தெரிந்தது. டீசலோ அப்போது மலிவு. எனவே பஸ்கள் ஒதுக்கப்பட்டன.

ஆனால் சில்லு ஒதுங்கவில்லை. இங்கிலாந்தின் கல்ஹாம் என்ற இடத்தில், சூரியனில் நிகழும் அணுக்கரு இணைவைப் பூமியில் நிகழ்த்திப் பார்க்கும் ஆய்வு 1983 முதல் 2023 வரை நடைபெற்றது. ஒவ்வொரு பரிசோதனையும் சில விநாடிகளே. அந்தச் சில விநாடிகளுக்கு வேண்டிய பெருஞ்சக்தியை நாட்டின் மின்வலையமைப்பிலிருந்து மட்டும் ஒரேயடியாக இழுக்க முடியாது. ஆகவே ஒவ்வொன்றும் 775 தொன் நிறையுள்ள இரண்டு சில்லுகளை மெல்ல மெல்லச் சுழற்றிவைத்து, வேண்டிய கணத்தில் சக்தியைக் கறந்தார்கள். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் 2011இல் இருநூறு சில்லுகளைக் கொண்ட 20 மெகாவாற்று நிலையம் அமைந்தது. இந்தச் சில்லுகள் உருக்காலானவையல்ல, கரிம இழையாலானவை. காற்று உராயாதபடி வெற்றிடத்துக்குள், காந்தவிசை பாரத்தைத் தாங்க, நிமிடத்துக்கு 16,000 சுற்று வரை சுழல்கின்றன. நிலையம் திறந்த அதே ஆண்டில் அதைக் கட்டிய நிறுவனம் வங்குரோத்தாகி, நிலையம் வேறு கைக்கு மாறியது. ஆனாலும் அது தொடர்ந்து இயங்கியது. 1950களில் பெயாரிங்கைத் தேயவைத்த பாரத்தைக் காந்தம் ஏற்றுக்கொண்டது.

வானத்திலிருந்து இறங்கும் கயிறு

மூன்றாவது கருத்துத்தான் மிக விசித்திரமானது.

ரொக்கெட்டில் விண்வெளிக்குப் போவது எரிபொருளைச் சுமக்க எரிபொருள் எரிக்கும் காரியம். அமெரிக்கர்கள் சந்திரனுக்கு அனுப்பிய சற்றேண் 5 ரொக்கெட் புறப்படும்போது ஏறத்தாழ 3,000 தொன் எடையுடையது. அதில் சந்திரனை நோக்கிப் போனது 50 தொன்னுக்கும் குறைவு. இந்தக் கொடிய கணக்கை 1903இலேயே எழுதி வெளியிட்டவர் ரஷ்யாவின் கலூகா என்ற ஊரில் வாழ்ந்த பாடசாலை ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி. சிறுவயதில் நோய் கண்டு செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவர். விண்வெளிப் பயணத்தின் தந்தையரில் ஒருவர்.

அதே சியோல்கோவ்ஸ்கி 1895இல் வேறொரு கனவும் கண்டார். பாரிஸில் எழுந்த ஐஃபெல் கோபுரம் அவருடைய கற்பனையைத் தூண்டிற்று. கோபுரத்தைக் கட்டிக்கொண்டே போனால் என்ன? ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சியால் எழும் வெளிநோக்கிய உந்தலும் பூமியின் ஈர்ப்பும் சமனாகிவிடும். அங்கே நிற்பவனுக்கு எடையே இராது என்று கணக்கிட்டார். ஆனால் அத்தகைய கோபுரத்தின் அடியை எந்தக் கல்லும் எந்த உருக்கும் தாங்காது.

அறுபத்தைந்து ஆண்டுகளின் பின், லெனின்கிராட் நகரத்துப் பொறியியலாளர் யூரி ஆட்சுத்தானோவ் கணக்கைத் தலைகீழாக்கினார். கீழேயிருந்து மேலே கட்டவேண்டாம். மேலேயிருந்து கீழே தொங்கவிடலாம் என்றார். அந்த உயரத்தில் நிற்கும் ஒரு செய்மதி பூமியை ஒரு நாளில் ஒருமுறை சுற்றுவதால், பூமத்திய கோட்டில் ஓர் இடத்துக்கு நேர்மேலே அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். அதிலிருந்து ஒரு கயிற்றைப் பூமிக்கு இறக்கி, ஈடாக இன்னொரு கயிற்றை மேல்நோக்கி விடவேண்டும். கீழ்ப்பக்கத்தைப் பூமி இழுக்கும். மேல்பக்கம், கவணில் சுழலும் கல்லைப்போல, வெளியே போகப் பார்க்கும். கயிறு விறைத்து நிற்கும். அதிலே மின்சாரப் பெட்டி ஏறி இறங்கும். ரொக்கெட் இல்லை, இறங்கும் பெட்டி ஏறும் பெட்டிக்குச் சக்தி கொடுக்கவும் கூடும்.

இதை அவர் 1960ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு சோவியத் இளைஞர் பத்திரிகையில் எழுதினார். மேற்குலகம் அதை வாசிக்கவில்லை. 1966இல் அமெரிக்கக் கடலாய்வாளர் சிலர் தாமாகவே இதே எண்ணத்துக்கு வந்தனர். 1975இல் ஜெரோம் பியர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் விரிவான கணக்கோடு மீண்டும் எழுதினார். ஒருவரையொருவர் அறியாமலே பலர் இதே வாசலுக்கு வந்து நின்றார்கள்.

வாசலைத் திறக்க விடாதது கயிறு. நல்ல உருக்குக் கயிற்றையும் சில பத்துக் கிலோமீற்றருக்குமேல் தொங்கவிட்டால், தன் எடையாலேயே அறுந்துவிடும். குண்டு துளைக்காத சட்டைகளுக்குப் பயன்படும் கெவ்லார் இழை இருநூறு கிலோமீற்றரை ஒட்டித் தாங்கும். விண்வெளி உயர்த்திக்கு வேண்டிய கயிற்றை மேலே தடிப்பாகவும் கீழே மெல்லியதாகவும் செய்து பலவீனத்தை ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் பூமியின் ஈர்ப்பில் 5,000 கிலோமீற்றர் அளவு தொங்கக்கூடிய வலிமையை நெருங்கினால்தான் காரியம் எளிதாகும். 1991இல் யப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா கரிம நுண்குழாய்களைப் பற்றி எழுதியபோது நம்பிக்கை துளிர்த்தது. அந்த இழையின் வலிமை கணக்குக்கு ஏறத்தாழப் பொருந்தியது. ஆனால் ஆய்வுகூடத்தில் வளர்த்த மிக நீண்ட தனியிழையும் முழக்கணக்கைத் தாண்டவில்லை. 2012இல் ஒரு பெரிய யப்பானியக் கட்டட நிறுவனம் 2050ஐ இலக்காகக் கொண்ட திட்டமொன்றை அறிவித்தது. கயிறு இன்னும் வரவில்லை.

நம் தீவின் பங்கு

இந்த இரண்டு கனவுகளை, குழாயையும் கயிற்றையும், நம் தீவோடு சேர்த்து எழுதிய ஒருவர் இருந்தார். 1956இல் இங்கே வந்து குடியேறி, 2008இல் கொழும்பிலேயே காலமான ஆர்தர் சி. கிளார்க். பூமத்திய கோட்டுக்கு மேலே நிற்கும் செய்மதிகளால் உலகத்தைத் தொடர்புபடுத்தலாம் என்று 1945இல் அவர் எழுதியபோது அதுவும் கற்பனைதான். 1964இல் முதலாவது செய்மதி அவ்விடத்தில் நின்றுவிட்டது. நாம் இன்று வெளிநாட்டுக் கிரிக்கெட் ஆட்டத்தை வீட்டிலிருந்து பார்க்க அந்தக் கருத்தும் ஒரு காரணம்.

அவர் 1960களில் எழுதிய சிறுகதையொன்றில், கடல் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் திருகோணமலையில் அமைக்கப்படுகிறது. இடத்தை அவர் சும்மா தெரியவில்லை. அங்கே கரையோடு ஒட்டியே ஒரு பெரும் கடற்பள்ளத்தாக்கு இறங்குகிறது. குளோட் கியூபாவில் தேடிய ஆழமும் வெதுவெதுப்பும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. 1979இல் வெளிவந்த அவருடைய நாவலில் விண்வெளி உயர்த்தி ஒரு தீவிலிருந்து எழுகிறது. தீவின் பெயர் தப்ரபேன். சிகிரியாவும் சிவனொளிபாத மலையும் அதில் வேறு பெயர்களோடு வருகின்றன. இலங்கை பூமத்திய கோட்டில் இல்லாததால், தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார்! பொறியியலாளன் கயிற்றை இறக்க விரும்பும் மலையுச்சியில் பழைய மடம் ஒன்றிருக்கிறது. அங்குள்ள பிக்குமார் இடம்கொடுக்க மறுக்கிறார்கள். ஒரு கருத்துக்கு வலிமையான இழை மட்டும் போதாது, அங்கே வாழ்பவர்களின் சம்மதமும் வேண்டும் என்பது அந்த நாவலின் நடுப்பகுதி.

நேயர்களே, விசித்திரமான கருத்தெல்லாம் உண்மையாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 1813இல் நியூயோர்க்கில் ஒருவர், எந்தச் சக்தியும் கொடுக்காமல் தானாகவே ஓடும் இயந்திரம் என்று ஒன்றைக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டிருந்தார். நீராவிக் கப்பலால் புகழ்பெற்ற ரொபேர்ட் ஃபுல்டன் அதைப் பார்க்கப் போனார். அது சீராகச் சுழலாமல் விட்டுவிட்டுச் சுழல்வதைக் காதாலேயே கண்டுகொண்டார். சுவர்ப்பலகையைப் பெயர்த்தார். உள்ளே மறைவாக ஒரு பட்டி ஓடியது. அது போன வழியே போனால், மேல்மாடி மூலையில் ஒரு கிழவர் ரொட்டியைக் கடித்தபடி கைபிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்!

ஆக, இரண்டு வகை உண்டு. இயற்கையின் விதியையே ஏமாற்றப் பார்ப்பது ஒரு வகை. அதற்கு எந்தக் காலத்திலும் மருந்தில்லை. விதிக்குள் நின்றுகொண்டு ஒரு பொருளுக்காகக் காத்திருப்பது மறுவகை. புதுக்கருத்தொன்றைக் கேட்கும்போது சிரிப்பதும் கைதட்டுவதும் இலகு. "இதற்கு என்ன குறைகிறது?" என்று கேட்பதுதான் பயனுள்ளது.

இது நமக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வியல்ல. 2022இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல், ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் வரை இருட்டில் இருந்தோம். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் வந்த கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. பத்திரிகைகள் குரங்கைப் பற்றி எழுதிச் சிரித்தன. மின்சார சபை சொன்ன விளக்கம் அவ்வளவு சிரிப்புக்குரியதல்ல. அன்று மின்தேவை குறைவு; சூரிய மின்சாரம் அதிகம். சூரியத் தகடுகளில் சுழல்வது எதுவுமில்லை. அதிர்ச்சியைத் தாங்கி ஒரு கணம் தாக்குப்பிடிக்கக்கூடிய பாரமான சுழலிகள் அவ்வேளையில் போதியளவு ஓடவில்லை. சுருங்கச் சொன்னால், சுற்றிக்கொண்டிருக்கும் சில்லின் பாரம் போதவில்லை. 1960இல் ஒதுக்கப்பட்ட பஸ்ஸின் நடுவில் இருந்த அதே பொருள்!

வெயிலும் காற்றும் ஆழ்கடலும் நமக்கு இருக்கின்றன. குறைவது குழாயா, சில்லா, பணமா, பொறுமையா என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கும் வேலை நம்முடைய பொறியியலாளர்களுக்கும் அவர்களுக்கு வழிவிடவேண்டியவர்களுக்கும் உரியது.

அந்தக் கணக்கு முடியும்வரை கருத்தை மறக்காமல் வைத்திருப்பது யார்? வேர்ண் ஒரு வசனத்தை எழுதிவைத்தார். ஆட்சுத்தானோவின் கட்டுரை பழைய பத்திரிகைக் கட்டுகளில் புதைந்து கிடந்தபோது, கிளார்க்கின் நாவல் அந்தக் கருத்தை இலட்சக்கணக்கான வாசகரிடம் கொண்டுசேர்த்தது. இலக்கியத் தொடரில் குழாயையும் சில்லையும் கயிற்றையும் பற்றிப் பேச எனக்கிருந்த நியாயம் இதுதான்.